எல்லோரும் பார்க்கிற இடம்

மூடாதே கண்ணு. நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் எனக்கு என்ன புரியப் போகிறது? ஆறாவதோடு நின்றவள் நான். உன் மடியில் இருக்கிறதே அந்தக் கறுப்புத் திரை, அதில் மேலே மேலே ஓடுகிற வெள்ளை எழுத்து, அதைப் பார்த்ததும் என் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் நீ சேலத்தில் பஸ் ஏறியதிலிருந்து உன்னையே பார்த்துக்கொண்டு வருகிறேன். இதென்ன பைத்தியம் என்று நினைத்திருப்பாய். நினைத்தால் நினைத்துக்கொள்.

நீயும் மீன்கொத்திக்குத்தான் வேலை செய்கிறாயோ என்று ஓர் ஆசை. இல்லையா? ஆனால் தெரியும் என்கிறாய். பெயராவது தெரிகிறதே, அது போதும்.

என் பெயர் துளசிமணி. கரூர். எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. மேஜை விரிப்பு, சமையலறைத் துண்டு எல்லாம் எங்களிடமிருந்து வெளிநாட்டுக்குப் போகும். ட்யூப்லைட்டுக்கு அடியில் துணியை விரித்து, எங்கே நூல் விட்டிருக்கிறது, எங்கே கறை பட்டிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். குறை கண்டுபிடிக்கிற வேலை. அதனால்தான் வீட்டிலும் எனக்கு எல்லாமே குறையாகத் தெரிகிறது என்று என் மகள் சொல்லுவாள். இந்துஜா அவள் பெயர். ஒரே பெண். அவள் எட்டாவது படிக்கும்போது அவள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு நானும் அவளும்தான்.

அவளைப் பார்க்கத்தான் பெங்களூர் போகிறேன். மடிவாளாப் பக்கம் ஏதோ லேடீஸ் ஹாஸ்டல் என்று அவள்கூடப் படித்த பிள்ளை ஒருத்தி சொன்னாள். ஹாஸ்டல் பெயர் அவளுக்கும் தெரியாதாம். தெரிந்தும் சொல்லவில்லையோ என்னவோ. போன் நம்பரை மாற்றிவிட்டாள். போய் இறங்கி, இந்த மாதிரி ஒரு பெண், கரூர், கன்னத்தில் மச்சம் என்று கேட்டால் யாராவது சொல்ல மாட்டார்களா? ஏன் அப்படிப் பார்க்கிறாய்? பெங்களூர் அவ்வளவு பெரிதா?

கேள். முதலிலிருந்து சொல்கிறேன். நீயே சொல்லு, என் மேல் என்ன தப்பு என்று.

அந்தக் கம்ப்யூட்டரை வாங்கி வந்ததே நான்தான். அதை மறந்துவிடக் கூடாது. எங்கள் கம்பெனி ஆபீஸில் பழையதை எல்லாம் கழித்துக் கட்டினார்கள். மானேஜரிடம் போய் நின்று, சார், புள்ள கம்ப்யூட்டர் படிக்குது சார் என்று கேட்டு வாங்கினேன். ஆட்டோவில் பெட்டி காலடியில், டிவி மாதிரி இருக்கிறதே அது என் மடியில். கைக்குழந்தையைக் கொண்டு வருவது போலக் கொண்டு வந்தேன். அப்போது அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். கல்யாண வயதுப் பெண், தெருவில் வைத்து.

கவர்மெண்ட் காலேஜில் நல்ல மார்க் எடுத்துத்தான் முடித்தாள். இண்டர்வியூ போன இடத்தில் எல்லாம், நீ இதுவரைக்கும் என்ன செய்திருக்கிறாய், காட்டு என்றார்களாம். படித்தேன் என்றால் போதாதாம். அப்போதுதான் அவளுடைய சீனியர் யாரோ சொல்லியிருக்கிறார்கள், மீன்கொத்தி என்று ஒன்று இருக்கிறது, அதற்கு வேலை செய்து கொடு, உன் பெயர் அதில் நிற்கும், கம்பெனிக்காரர்கள் அதைத்தான் பார்ப்பார்கள் என்று. அதற்கு இங்கிலீஷில் அந்தப் பறவையின் பெயர். எனக்கு வாயில் நுழையாது என்று மகள் தமிழில் சொல்லிக் கொடுத்தாள்.

"அது என்னம்மிணி பண்ணும்?" என்று கேட்டேன்.

"ஒரே நேரத்துல லட்சம் பேரு ஒரு ஆஸ்பத்திரி வெப்சைட்டுக்கு வந்து முட்டறாங்கன்னு வெச்சுக்கோ. கேட்டுல நின்னு ஒவ்வொருத்தரையா வரிசையில உள்ள விடறது இதுதான்."

"வாட்ச்மேன்."

"ஆமா. வாட்ச்மேன்."

"சம்பளம் யாரு தருவாங்க?"

"யாரும் தர மாட்டாங்கம்மா. சமையல் குறிப்பைச் செவுத்துல ஒட்டி வெச்சிருக்காங்கன்னு நெனச்சுக்கோ. யாரு வேணா பாத்துச் சமைக்கலாம். உப்பு ஜாஸ்தின்னா யாரு வேணா திருத்தலாம். திருத்துனது சரியா இருந்தா அவங்க பேரு அதுல நிக்கும்."

"பேரு நின்னு என்னத்துக்காகும்? ரேசன் கார்டுலகூடத்தான் உன்ற பேரு நிக்குது."

சிரித்தாள். அப்போதெல்லாம் சிரிப்பாள்.

உடனே கை வைத்துவிட முடியாதாம். முதலில் அந்த மீன்கொத்தி முழுவதையும் நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே கட்டி எழுப்ப வேண்டும், ஓட விட்டுப் பார்க்க வேண்டும், நம் வீட்டில் ஓடினால்தான் அதைத் திருத்த முடியும் என்றாள். நான் என்னவோ ஒரு பொழுது வேலை என்று நினைத்துவிட்டேன். கண்ணு, கார்த்திகையில் ஆரம்பித்தது. பொங்கலுக்கு வீட்டைக் கழுவும்போதும் அது முடியவில்லை.

முதல் வேலையாக அந்தப் பெட்டியில் இருந்ததை எல்லாம் துடைத்தாள். அதில் அவள் வயதுக்கு வந்த சீர் போட்டோ எல்லாம் ஏற்றி வைக்கச் சொல்லியிருந்தேன். பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டேன் என்று சத்தியம் செய்தாள். காட்டவும் காட்டினாள். இருந்தாலும் ஒரு முறை துடைத்தது துடைத்ததுதானே? அப்புறம் ஒவ்வொன்றாக இறக்கினாள், போன் நெட்டை வைத்து. ஒன்று இறங்கி வந்தால், இன்னொன்று இருந்தால்தான் நான் உள்ளே வருவேன் என்கிறதாம். அந்த இன்னொன்றை அழைத்து வந்தால், அது, என் பங்காளி புதுசு, உங்கள் வீட்டில் இருப்பது பழசு, ஒத்துவராது என்கிறதாம். கல்யாணத்துக்கு வராமல் முறுக்கிக்கொண்டு நிற்கிற ஒறம்பரைச் சொந்தம் மாதிரி. நான் அப்படிச் சொன்னதும் அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்த ஒறம்பரையை அழைக்கப் போய்விடுவாள். சோறு தட்டில் காய்ந்து கிடக்கும்.

திரையில் எல்லாம் சிவப்பு எழுத்து. சிவப்பு என்றால் எனக்குத் தெரியாதா? என் வேலையே அதுதானே. ஒரு துணியில் அவ்வளவு சிவப்பு ஒட்டினால் அந்தத் துணியைத் தூக்கி எறிந்துவிடுவோம். இவளோ எறியாமல் அதற்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் பக்கத்து வீட்டு சரசக்காள் எட்டிப் பார்த்து, "என்ன துளசி, உன்ற புள்ள எல்லாத்துலயும் பெயிலாயிட்டாளாட்ட இருக்குது" என்றாள். அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை.

எல்லாம் சேர்ந்த பிறகு கட்டி எழுப்புகிற வேலை. பெட்டியைத் தட்டி விட்டால் காலையில் ஆரம்பித்துப் பொழுதுக்கும் ஓடும். உள்ளே இருக்கிற ஃபேன் ரைஸ் மில் மாதிரி இரையும். பெட்டிக் கதவைக் கழற்றி வைத்து, எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே டேபிள் ஃபேனையும் அதற்குத் திருப்பி வைத்துவிட்டாள். பெட்டிக்குக் காற்று, நாங்கள் வேர்வையில். பெட்டி பழசாம், மெமரி குறைச்சலாம், பாதியில் மூச்சுத் திணறி நின்றுவிடுமாம். மறுபடி வேறு மாதிரி ஆரம்பிப்பாள்.

இதைக் கேள். ஒரு நாள் மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். அவள் காய் வாங்கப் போயிருந்தாள். வீட்டுக்குள் ஒரே அனல். வயர் கருகுகிற மாதிரி ஒரு வாசம். எங்கள் தெருக் கடைசியில் கழிவுப் பஞ்சு குடோன் ஒன்று அப்போதுதான் எரிந்து போயிருந்தது. நான் என்ன செய்வேன்? ஓடிப் போய் மெயினை அணைத்துவிட்டேன். பெட்டி ஓய்ந்துவிட்டது. அப்பாடா என்று இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மெயினைப் போட்டேன். அவள் வந்து பார்த்து அப்படியே நின்றாள். முடிகிற தறுவாயாம். பாதியில் நின்றதால் உள்ளே இருந்ததெல்லாம் கெட்டுப்போய், முதலிலிருந்து கட்ட வேண்டுமாம்.

"என்னாச்சும்மா?"

"கரண்ட் போயிருச்சு சாமி" என்றேன்.

பொய்யா அது? மெயினை அணைத்தால் கரண்ட் போகத்தானே செய்யும்? அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் இருந்த மெயினை ஒரு முறை பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்து மறுபடி ஆரம்பித்தாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

டோல்கேட்டா இது? தர்மபுரி தாண்டிவிட்டோமா? இந்தா, முறுக்கு எடுத்துக்கொள். அவளுக்குச் சுட்டது. நிறைய இருக்கிறது.

தை மாதக் கடைசியில் ஒரு நாள் நான் வேலை விட்டு வந்தபோது திரை முழுக்கப் பச்சை. வாசலிலேயே என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாள். "ஓடிருச்சும்மா! நம்ம ஊட்ல ஓடுதும்மா!" என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. பச்சை என்றால் பாஸ், அது தெரியும். சர்க்கரை போட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் பால் குடித்தோம்.

அதோடு விட்டிருக்கலாம். அவர்கள் எழுதி வைத்திருந்த வழிமுறை இருக்கிறதல்லவா, எப்படிக் கட்டுவது என்று, அதில் குறை இருக்கிறது என்று எழுதினாள். புது மெஷின், பெரிய மெஷின் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் அது சரி, என்னுடையது மாதிரிப் பழைய பெட்டியில் கட்ட வேண்டுமென்றால் இப்படி இப்படிச் செய்ய வேண்டும் என்று அவளே திருத்தி எழுதி அனுப்பினாள். நான் துணியில் அம்பு ஒட்டுகிற மாதிரி. அதற்கு ஒருத்தன் பதில் எழுதினான். யோனாஸ் என்று பெயர், மீன்கொத்தியைப் பார்த்துக்கொள்கிறவர்களில் ஒருத்தனாம். எந்த நாடோ. வட்டத்துக்குள் சின்னப் படம், தாடி. என்ன எழுதியிருந்தான் தெரியுமா? இத்தனை வருடமாக யாரும் இதை எங்களிடம் சொன்னதில்லை, கட்ட முடியாதவர்கள் எல்லாம் பேசாமல் போய்விட்டார்கள் போலிருக்கிறது, நீதான் போகாமல் நின்று சொன்னாய், நன்றி என்று.

அவள் அதை எனக்கு எத்தனை முறை படித்துக் காட்டினாள்! முகமெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு ஆம்பளை, முகம் தெரியாதவன், நன்றி என்று எழுதினால் ஒரு பெண்ணுக்கு முகம் இப்படி ஆகுமா? நீயே சொல்லு. அப்புறம் தினமும் பொழுதோடு அவனிடமிருந்து ஏதாவது வரும். இதை மாற்று, அந்த வரியைச் சுருக்கு, இது நன்றாக இருக்கிறது. அவளும் பொழுது சாய்ந்தால் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"கல்யாணமாயிருச்சா அவனுக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"யாருக்கு?"

"அந்தத் தாடிக்காரனுக்கு."

"அம்மா, எனக்கு எப்பிடித் தெரியும்? அவரு வாட்ச்மேனைப் பத்தித்தான் பேசறாரு, என்னப் பத்தி இல்ல."

எல்லோரும் அப்படித்தானே ஆரம்பிப்பார்கள்?

அந்த நேரம் பார்த்துக் காங்கேயத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. எண்ணெய் மில்லுக்காரர்கள். மாப்பிள்ளை ஒரே பையன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள், பெண் என்ன செய்கிறாள் என்று. வீட்டில் இருந்தே வேலை என்றேன். எந்தக் கம்பெனி என்றார்கள். இவள் பேசாமல் இருக்கலாமல்லவா? மீன்கொத்தியைப் பற்றி ஆரம்பித்தாள். சமையல் குறிப்பு, சுவர், உப்பு, அத்தனையும். மாப்பிள்ளையின் அம்மா எல்லாம் கேட்டுவிட்டு, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "புள்ள சம்பளமில்லாம உலகத்துக்கே ஊழியஞ் செய்யுதாட்ட இருக்குதுங்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் தம்பி கிட்டுசாமியும் சிரித்தான். போகும்போது அந்தம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வெளிநாட்டுக்காரங்களோட பேச்சு வார்த்தையெல்லாம் நிறுத்திக்கட்டுங்க, மத்தபடி புள்ள எங்களுக்குப் பிடிச்சிருக்குது" என்றாள்.

பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள் கண்ணு. அப்பன் இல்லாத பெண்ணை. அதை நான் கை நழுவ விடலாமா?

அவள் கேட்கவில்லை. பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருக்கிற பொம்பளை ஒருத்தி, அவளும் மீன்கொத்திக்கு வேலை செய்கிறவளாம், இவள் எழுதியதைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் இண்டர்வியூவுக்கு வா, நான் சொல்லி வைக்கிறேன் என்று எழுதியிருந்தாள். இவள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம்மா, அடுத்த வாரம்மா. வேலை தருகிறவர்கள் நேரில் கூப்பிடுவார்கள், போன் செய்வார்கள். இப்படியா சுவரில் எழுதுவார்கள்? ஏமாற்றுக்காரர்கள் என்று எனக்குத் தோன்றியது. யாருக்குத்தான் தோன்றாது?

கிட்டு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். பான் கார்டு, பாஸ்போர்ட் எல்லாம் போட்டுக் கொடுப்பான். இங்கிலீஷ் எழுதுவான். அவனை வரச் சொன்னேன். அன்றைக்கு அமாவாசை. அவள் தலைக்கு ஊற்றப் போயிருந்தாள். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, ஓடுகிறபோது அணைக்க மாட்டாளே. தாடிக்காரன் எழுதுகிற அந்தப் பக்கமும் திறந்தே இருந்தது.

"எழுதுடா" என்றேன்.

"என்னன்னுக்கா?"

"மருவாதியா எழுது. நம்ம மேல குத்தம் வரக் கூடாது."

கிட்டு இரண்டு விரலால்தான் தட்டுவான். குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்று நின்று கேட்டது. எழுதி முடித்து எனக்குத் தமிழில் படித்துச் சொன்னான். திரு. யோனாஸ் அவர்களுக்கு, நான் இந்தப் பெண்ணின் தாய்மாமன். பெண்ணுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. இனி உங்கள் வேலைக்கு வர மாட்டாள். நீங்களும் அவளுக்கு எழுத வேண்டாம். உங்களுக்கும் அக்கா தங்கை இருப்பார்கள். இப்படிக்கு, கிட்டுசாமி, கரூர். ஒரு மரியாதைக்குக் கடை போன் நம்பரையும் கீழே போட்டான். எதிலாவது தப்பு இருக்கிறதா? ஒரு கெட்ட வார்த்தை உண்டா? எங்கள் ஊர்ப் பக்கம் இதைவிடத் தன்மையாக எழுத முடியாது.

ஒருத்தனுக்குத்தான் எழுதுகிறோம் என்று நினைத்தோம். கடிதம் என்றால் ஒருத்தருக்குத்தானே போகும்? அது எல்லோரும் பார்க்கிற இடம் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? அவள் சுவர் சுவர் என்று சொன்னாள்தான். அது ஒரு பேச்சுக்குச் சொல்வது என்றல்லவா இருந்தேன்.

தலையில் துண்டோடு வந்து பார்த்தாள். மாமன் எழுதியது அவள் பெயரில், அவள் படத்துக்குப் பக்கத்தில் நின்றது. உடனே அழித்தாள். அழித்து என்ன செய்ய? எழுதின நிமிடமே அத்தனை பேருடைய கம்ப்யூட்டர் தபாலுக்கும் போய்விட்டதாம். கீழே பதில் வர ஆரம்பித்துவிட்டது. ஒருத்தர் வாழ்த்துகள் என்றார். ஒருத்தர், நீ பத்திரமாக இருக்கிறாயா, யாரையாவது அனுப்பட்டுமா என்று கேட்டார். தாடிக்காரன், நீ சொன்னால் மட்டும்தான் நம்புவேன், வேறு யார் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்று எழுதினான். யாரோ சென்னைக்காரன் அதைப் போட்டோ பிடித்துத் தமிழ் ஆட்கள் நடுவில் விட்டுவிட்டான். மீன்கொத்திக்கு மாமன் எழுதிய கடிதம் என்று அதை வைத்துச் சிரிப்பு. கிட்டுவின் கடைக்கு எங்கெங்கிருந்தோ போன். "ஹலோ, தாய்மாமனா? எனக்கும் ஒரு லீவு லெட்டர் எழுதித் தருவீங்களா?" என்று கேட்கிறார்களாம். அவன் கடையைச் சாத்திவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து என்னைத் திட்டினான்.

காங்கேயத்துக்காரர்களுக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது. இப்படி ஊர் சிரித்த பெண் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பெங்களூர்ப் பொம்பளையும் எழுதினாள். கல்யாணத்துக்கு வாழ்த்துகள், உனக்கு வேலை இனித் தேவைப்படாது என்று நினைத்து அந்த இடத்துக்கு வேறு ஒருவரைக் கூப்பிட்டுவிட்டோம் என்று. பார்த்தாயா? உண்மையிலேயே வேலை தருகிறவர்களாக இருந்தால் ஒரு வார்த்தையில் மாறுவார்களா? நான் அப்போதே சொன்னேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இதெல்லாம் எதனால்? அந்தப் பெட்டியால்தானே? அது கண் முன்னால் இருந்தால் பிள்ளை மனசு ஆறாது என்று, கிட்டுவைக் கூப்பிட்டு எடுத்துப் போகச் சொன்னேன். கொஞ்ச நாள் அவன் கடையில் இருக்கட்டும் என்றுதான். அவன் வேலைக்கு ஆகட்டுமே என்று உள்ளே இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டுப் பில் போடுகிறதை ஏற்றிக்கொண்டான். எனக்கு அது தெரியாது. தெரிந்தாலும், துடைத்தால் மறுபடி கட்டிக்கொள்ளலாமே. அவளே எத்தனை முறை கட்டினாள்.

மறுநாள் எழுந்து, "பொட்டி எங்கம்மா?" என்றாள்.

"மாமன் கடையில சாமி. பத்திரமா இருக்குது."

"உள்ள இருந்தது?"

"அது எனக்குத் தெரியாது. மாமனைக் கேளு."

அவள் போனில் கேட்டாள். அவன் என்ன சொன்னானோ. போனைக் கீழே வைத்துவிட்டு, மேஜையில் பெட்டி இருந்த இடத்தில் தூசு படியாமல் சதுரமாக இருந்ததே, அதைக் கையால் துடைத்தாள். சர்டிபிகேட்டுகளைப் பைக்குள் வைத்தாள். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எங்கே போகிறாய் என்றேன். இண்டர்வியூ என்றாள். எந்த இண்டர்வியூ, அதுதான் இல்லை என்றாகிவிட்டதே என்றேன். "வேற" என்றாள். சாயங்காலம் வந்துவிடுவாள் என்று நினைத்து வெண்டைக்காய் நறுக்கி வைத்துவிட்டுப் போனேன். அவளுக்கு வெண்டைக்காய் பிடிக்கும்.

மாசியில் போனவள். இதோ ஆவணி.

நாள் எப்படிப் போகிறது என்று தெரிகிறதா? நான் அவளை அடித்ததில்லை. பட்டினி போட்டதில்லை. அவள் நல்லதுக்குத்தான் ஒவ்வொன்றும் செய்தேன். கிட்டு சொல்கிறான், அக்கா, அவளாக வருவாள், விடு என்று. அவனுக்கென்ன, அவனுக்கு இரண்டு பையன்கள்.

கண்ணு, உன்னிடம் ஒன்று கேட்கத்தான் இவ்வளவும் சொன்னேன். அந்தச் சுவரை எல்லோரும் பார்க்கலாமே. உன்னிடம் நெட் இருக்கிறதே. மீன்கொத்தியில் என் மகள் பெயர் இன்னும் இருக்கிறதா என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லேன். உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும். இந்துஜா, அப்பா பெயர் ரத்தினவேல். அப்பா பெயரையும் சேர்த்துத்தான் போட்டுக்கொள்வாள்.

இருக்கிறதா? தேடு, தேடு. மெதுவாகத் தேடு.

இதுதான். இந்தப் படம்தான். ரோஸ் கலர் சுடிதார், நான் தீபாவளிக்கு எடுத்தது.

இன்றைக்குக் காலையிலா? இன்றைக்குக் காலையில் எழுதியிருக்கிறாளா? யாருக்கு? புதிதாக வந்த யாரோ ஒரு பையனுக்கா? என் பெட்டி பழசு, கட்ட முடியவில்லை, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறானா. இவள் என்ன சொல்கிறாள்? தமிழில் சொல்லு கண்ணு, மெதுவாக. விடாதே என்கிறாளா. உன் பெட்டி போதும் என்கிறாளா. நான் எழுதிய பக்கத்தைப் பார், அதில் இருக்கிறபடி செய் என்கிறாளா. அந்தப் பக்கம் எங்கே? அதையும் படி.

பழைய பெட்டியில் கட்டுவது எப்படி. சரி. ஒரே நேரத்தில் ஒரு வேலைதான் கொடுக்க வேண்டும். சரி. பெட்டியைத் திறந்து ஃபேனைத் திருப்பி வை. அது எங்கள் டேபிள் ஃபேன்! மேலே படி. நடுவில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்க வழி. "கரண்ட் போனாலும், வீட்டில் பயந்துபோய் யாராவது மெயினை அணைத்துவிட்டாலும்."

இன்னொரு தரம் படி.

தெரிந்திருக்கிறது. அன்றைக்கே தெரிந்திருக்கிறது அவளுக்கு. தெரிந்தும் கேட்கவில்லை.

பயந்துபோய் என்றா எழுதியிருக்கிறாள்? வேண்டுமென்றே என்று எழுதவில்லையே? நன்றாகப் பார்த்துச் சொல்லு. பயந்துபோய்தானே? பார், அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறாள். எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் படிக்கிற இடத்தில் அம்மாவை எழுதி வைத்திருக்கிறாள். கோபம் இல்லை அவளுக்கு. கோபம் இருந்தால் எழுதுவாளா?

நம் கிட்டு எழுதிய இடம் இன்னும் இருக்கிறதா? இருக்கிறதா. பூட்டியிருக்கிறது என்றால்? யாரும் அங்கே இனி எழுத முடியாதா? யார் பூட்டினது, தாடிக்காரனா?

அவளா? அவள் பெயரா போட்டிருக்கிறது? அப்படியென்றால் அவளிடம் சாவி கொடுத்திருக்கிறார்களா? எல்லோருக்கும் கொடுக்க மாட்டார்களா. பெரிய ஆள் ஆகிவிட்டாள் என்று சொல்லு. சம்பளம் தருகிறார்களா என்று போட்டிருக்கிறதா? சரி, அது கிடக்கட்டும். பூட்டினது நல்லதுதான். கண்டவர்களும் வந்து எழுதுகிற இடமாக இருந்தது.

அப்படியென்றால் அந்தப் பையன் கேட்டிருக்கிறானே, அந்த இடம் பூட்டவில்லையே? அங்கே எழுதலாம்தானே? நீ எனக்காக ஒன்றே ஒன்று எழுது கண்ணு. அவளுக்குக் கீழேயே. அம்மா வந்துகொண்டிருக்கிறேன், மடிவாளாவில் இறங்குகிறேன், பஸ் ஸ்டாப்பிலேயே நிற்கிறேன், முறுக்கு கொண்டு வருகிறேன், நீ வருகிறவரைக்கும் அங்கேயே நிற்பேன், ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா. இவ்வளவுதான். மரியாதையாகவே எழுது. அந்தப் பையனையும் கேட்டதாகச் சொல்லு. எல்லோரும் பார்ப்பார்களா? பார்த்துவிட்டுப் போகட்டும் கண்ணு, பெற்ற தாய் எழுதுவதில் என்ன இருக்கிறது? எழுதினால் உடனே அவள் தபாலுக்குப் போய்விடும், எனக்குத் தெரியும். இப்போது விட்டால் ஓசூர் வந்துவிடும், அதைத் தாண்டினால் பெங்களூர்தான். எழுது.

ஏன் மூடிவிட்டாய்? சார்ஜ் தீர்ந்துவிட்டதா?

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் கண்ணு. முடிகிற நேரம் பார்த்துத்தான் கரண்ட் போகும்.